தலையணை உறைக்குள் ஒளித்த சால்வை

எனக்குச் சந்தேகக் குணம் உண்டு. பிறவியிலேயே உண்டு. அடுத்த வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வட்டிலப்பம் வந்தால் மற்றவர்கள் கரண்டியைத் தேடுவார்கள், நான் காரணத்தைத் தேடுவேன். (நோன்பு மாதத்தில் வந்தால்கூட, "போன வருஷம் ஏன் வரவில்லை?" என்றுதான் முதலில் தோன்றும்.) கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன். பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறேன். ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் சரியாகச் செய்துவிட்டால், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் புரட்டிய பிறகுதான் சரி போடுவேன். இந்தக் குணம் என்னைப் பல ஆபத்துகளிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சால்வை வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். அதனால் மாமியோடு ஒரே குசினியில் நின்று மல்லுக்கட்டும் கதையெல்லாம் எங்களுக்கு இல்லை. மாமி விருந்தாளியாகத்தான் வருவார். ஆனால் விருந்தாளியின் கண் இருக்கிறதே, அது அலுமாரிக்கு மேலே கிடக்கும் தூசியைக்கூடக் கண்டுவிட்டுத்தான் கதிரையில் உட்காரும். என் கணவர் ரியாஸின் உம்மா, அதாவது என் மாமி, என்னைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு வசனம் வைத்திருந்தார். கலியாண வீடு, இறந்தவருக்கு ஓதும் கத்தம் வீடு, எங்கே நாலு பெண்கள் கூடினாலும் அது வெளியே வரும்.

"எங்கட மருமகளுக்குப் படிப்பு இரிக்கி, மாஷா அல்லாஹ். கைவேலதான் வராது."

பக்கத்தில் மதினி ஜெஸீமா, ரியாஸின் தங்கை, தலையாட்டிக்கொண்டு இருப்பாள். அவளுக்குக் கைவேலை வரும். வராத கைவேலை இல்லை. ஒரு உடுப்பை ஒருதரம் பார்த்தால் போதும், வீட்டுக்குப் போய் அப்படியே தைத்துவிடுவாள். ஒரு பெருநாளுக்கு நான் இரகசியமாக ஒரு அபாயாவுக்குக் கையோரத்தில் பூ வேலை கொடுத்திருந்தேன். என்னுடையது தையல்கடையிலிருந்து வருமுன்பே அவளுடையது பெருநாள் தொழுகைக்கு வந்துவிட்டது. அதே பூ, அதே கையோரம். "என்ன மதினி, ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்திரிக்கே!" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள் என் வீட்டுக்கு வந்தால் நான் திரைச்சீலையைக்கூட ஒருபக்கமாக இழுத்துவிடுவேன்.

இந்த நிலையில்தான் மாமி மக்காவுக்கு உம்றா யாத்திரை போவது முடிவானது. மார்கழி மாதப் பயணம். மதீனாவில் அந்த நாளில் குளிர் எலும்பைத் தொடும் என்று போய் வந்தவர்கள் சொல்லிச் சொல்லி மாமியைப் பயப்படுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. மாமிக்கு என் கையால் ஒரு சால்வை பின்னிக் கொடுப்பது. சும்மா சால்வை இல்லை, ரேந்தைச் சால்வை. அதைப் போர்த்திக்கொண்டு மாமி, ஜெஸீமா கேட்கத்தக்கதாக, "என்ட மருமகள் பின்னினது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அதுவரை என் பின்னல் அனுபவம், படிக்கிற காலத்தில் மனையியல் பாடத்துக்குச் செய்த ஓர் உறை, சூடு ஆறாமல் தேநீர்ப் போச்சிக்குப் போடுவது. (அதைப் பார்த்த டீச்சர், "மற்றக் கால் சப்பாத்து எங்க?" என்று கேட்டார்.) ஆனாலும் என்ன, போனில் வீடியோ இருக்கிறது. எங்கோ பனி கொட்டும் நாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அடுப்பங்கரையில் உட்கார்ந்து, சிலந்தி வலைபோல ஒரு சால்வையை இலையும் கொடியுமாகப் பின்னி, கடைசியில் அதை ஒரு மோதிரத்துக்குள்ளால் இழுத்துக் காட்டினார். இலேசான வேலைகளும் அந்தப் பக்கத்தில் இருந்தன. நான் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. இலேசானதை ஜெஸீமா பார்த்தவுடன் செய்துவிடுவாளே!

ரேந்தைப் பின்னல் என்றால் வேறொன்றும் இல்லை. வேண்டுமென்றே இடைக்கிடை துளை விட்டு, அந்தத் துளைகளாலேயே பூவும் இலையும் காட்டுவது. துளைதான் அதன் அழகு. இந்தத் துளை விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

கல்முனைக் கடையில் நூல் வாங்கினால் மாலைக்குள் மாமிக்குச் செய்தி போய்விடும் என்று அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடைக்காரர் முயல் ரோமம் போலப் பஞ்சு பறக்கும் வெள்ளை நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "புள்ளைக்குத் தொப்பியா, டீச்சர்?" என்றார். நான் டீச்சர் என்று இவருக்கு எப்படித் தெரியும்? போதாதென்று பிள்ளை வேறு! பாதி நூலை மட்டும் வாங்கிக்கொண்டு விலகி, மீதியை வேறொரு கடையில் வாங்கினேன். இரண்டும் வெள்ளைதான். வெயிலில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று பால் வெள்ளை, மற்றது பல் வெள்ளை என்று தெரிந்தது.

அது வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற காலம். பாடசாலை விட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு, அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருவேன். மின்விசிறி போட்டால் பஞ்சு பறக்கும், ஆகவே விசிறி இல்லை. ஜன்னல் திறந்தால் யாராவது பார்ப்பார்கள், ஆகவே ஜன்னலும் இல்லை. வேர்வை வழிய வழிய, மதீனாவின் குளிருக்கு நான் கல்முனையில் வெந்தேன். ஒவ்வொரு கண்ணிக்கும் கணக்கு உண்டு. "ஒண்டு எடு, ரெண்டச் சேர், நூலச் சுத்து, ஒண்ட விடு" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். பஞ்சு கண்ணியை மூடிவிடும், அடிக்கொருதரம் குனிந்து "ஃபூ, ஃபூ" என்று ஊத வேண்டும். முணுமுணுப்பு, முடிச்சு, ஊதல். மாதக்கணக்கில் இதுதான் என் பின்நேரம்.

வேலையை ஒளித்து வைப்பது அடுத்த பிரச்சினை. ஒரே வளவில் இருக்கும் என் உம்மா அலுமாரியைத் திறப்பார். கட்டிலுக்குக் கீழே கூட்டுவார். யோசித்து யோசித்து, யாருமே கை வைக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். ரியாஸின் தலையணை உறை. மனுஷன் படுத்தால் மரக்கட்டை. உறைக்குள் யானை இருந்தாலும் தெரியாது.

அந்த வாரமே ரியாஸுக்குத் தும்மல் தொடங்கியது. கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, கழுத்தெல்லாம் சொறி. அவர் நெல் வியாபாரி, சாகாமத்துப் பக்கம் அறுவடை நேரம். நெல் தூசுதான் என்று டொக்டர் குளிசை கொடுத்தார். கேட்கவில்லை. களைத்துப் போய் ஒரு வெள்ளிக்கிழமை தன் உம்மா வீட்டில் தங்கப் போனார். மறுநாள் பூப்போல வந்தார். வந்து என் வீட்டுக் கட்டிலில் ஒருதரம் புரண்டார், திரும்பவும் தும்மல்.

நான் சும்மா இருப்பேனா? எனக்குச் சந்தேகம்.

"அங்க போனா மட்டும் தும்மல் நிக்குதே, அது எப்பிடி?"

"எனக்கென்ன தெரியும்? உம்மா மல்லித் தண்ணி தந்தா."

"மல்லித் தண்ணி மட்டுந்தானா?"

"வேறென்ன புள்ள, பாயாசமா?"

மகனைத் தன் பக்கம் இழுக்க மாமி எதையோ ஊட்டுகிறார் என்று நான் முடிவுகட்டினேன். அதே நேரம் அந்த வீட்டில் மாமியும் ஒரு முடிவு கட்டிக்கொண்டிருந்தார். உம்மா வீட்டில் சுகம், பெண்சாதி வீட்டில் நோய். இதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தத்தை ஜெஸீமா கொண்டுபோய்ச் சேர்த்தாள். இடியப்ப உரல் கேட்கிற சாக்கில் ஒரு பின்நேரம் வந்தவள், பூட்டிய அறைக்குள் சத்தம் கேட்டு ஜன்னல் நீக்கலில் கண்ணை வைத்திருக்கிறாள். நான் நிழலைக் கண்டு வேலையை மடிக்குள் மறைத்துக்கொண்டு, "டிசைன் களவெடுக்க வந்துட்டாள்!" என்று பல்லைக் கடித்தேன். அவள் கண்டதோ வேறு. வேர்த்து வழியும் ஒரு பெண், தலைவிரி கோலம், கையில் நூல், ஒரு முடிச்சு, ஒரு முணுமுணுப்பு, அதன் மேல் ஓர் ஊதல். முடிச்சுப் போட்டு ஊதுகிறவர்களின், அதாவது சூனியக்காரிகளின், தீங்கிலிருந்து பாதுகாவல் தேடி ஓதிவிட்டுத்தான் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் படுக்கும். அப்படி ஊதுகிற ஒருத்தியைத் தன் சொந்த மதினியாகவே கண்டவள் உரலை வாங்காமலே ஓடிவிட்டாள். (உரலை வாங்காமல் போனதும் எனக்குச் சந்தேகம்தான்.)

அதன் பிறகு மாமி அடிக்கடி வரத் தொடங்கினார். நான் கொடுக்கிற தேத்தண்ணியை நான் ஒரு வாய் குடிக்கும்வரை தொடமாட்டார். சோற்றுக்கு இருக்கச் சொன்னால், "வேணாம் மகள், இப்பதான் தின்ட" என்பார். மகன் தலையில் கைவைத்து நீண்ட நேரம் ஓதுவார். என் சமையலைப் பற்றி ஜெஸீமா ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று நான் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாமி என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"மகள், நீங்க பின்னேரத்தில அறைக்குள்ள இருந்து என்ன ஓதுற?"

"நான் ஒண்டும் ஓதுறல்ல, மாமி."

மாமியின் முகம் வெளுத்தது. குர்ஆன் ஓதுகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலாவது கதை வேறு பக்கம் போயிருக்கும். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

பயணத்துக்கு முந்தின கிழமை சால்வை முடிந்தது. முடிந்தபோது அது சால்வையாக இல்லை, மழையில் நனைந்த பூனைக்குட்டி போலச் சுருண்டு கிடந்தது. வீடியோப் பெண்மணி சொன்னபடி, ரேந்தையைத் தண்ணீரில் நனைத்து, இழுத்து விரித்து, ஓரமெல்லாம் ஊசி குத்திக் காயவிட்டால்தான் இலையும் கொடியும் திறக்கும். அவ்வளவு அகலம் எங்களிடம் கட்டிலில்தான் இருந்தது. ரியாஸ் சாகாமத்துக்குப் போன நேரம் பார்த்து, அவர் படுக்கிற பக்கத்தில் சால்வையை விரித்து, வீட்டில் இருந்த குண்டூசி, என் முந்தானை ஊசி, எல்லாவற்றையும் மெத்தையில் குத்தினேன். விரிந்தது பாருங்கள், அப்பாடா! பாதி பால், பாதி பல், ஆனாலும் ரேந்தை ரேந்தைதான். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு லுஹர் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி வுளூச் செய்யப் போனேன். கதவைத் தாழ்ப்பாள் போடவில்லை. அத்தனை மாதத்தில் முதல் தடவை.

உம்றாவுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம். மாமி ஜெஸீமாவோடு அதற்குத்தான் வந்தார். ஆனால் மகனை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிக் கடல் கடப்பது? ஆகவே கைப்பைக்குள் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி எடுத்த தண்ணீர்ப் போத்தலும் இருந்தது. என் உம்மா ஒன்றும் அறியாமல், "வாங்க, உள்ளுக்கு இரிங்க" என்று சொல்லிவிட்டு குசினிக்குப் போக, மாமி நேரே அறைக்குள் போயிருக்கிறார்.

"யா அல்லாஹ்!" என்ற சத்தம் கேட்டு ஈர முகத்தோடு ஓடிவந்தேன்.

"ஊசி! என்ட புள்ள படுக்கிற இடத்தில ஊசி!" மாமி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சென்னன்தானே உம்மா! முடிச்சிப் போட்டுப் போட்டு ஊதினா. என்ட ரெண்டு கண்ணால கண்டன்."

"லெப்பை சென்னவர், ஒரு முடிச்சும் மிஞ்சப்படாதாம். அவிருகா, சுறுக்கா அவிரு!"

மாமி என் மேசையிலிருந்த கத்திரிக்கோலால் ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டினார். ஜெஸீமா நூல் நுனியைப் பிடித்தாள். கைவேலை தெரிந்தவள் அல்லவா? எங்கே இழுத்தால் எது கழலும் என்று விரலுக்குத் தெரியும். நான் மாதக்கணக்கில் வேர்த்து வேர்த்துப் பின்னிய இலைகள் சர்ரென்று உதிர்ந்தன. மாமி மேலே தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார்.

அந்த நேரத்தில் புத்தியுள்ள ஒருத்தி என்ன சொல்லியிருப்பாள்? "நிப்பாட்டுங்க, இது சால்வை" என்றிருப்பாள். நான் கத்தியது இது:

"ஜெஸீமா, டிசைனப் பாக்காத!"

"பாத்தீங்களா உம்மா, பாக்கவும் விடுறாவில்ல!"

"மாமி, இது உங்கட மகனுக்கு இல்ல. உங்களுக்கு! உங்களுக்கு எண்டுதான் மாசக்கணக்கா ஒளிச்சி வெச்சிக் கட்டின நான்!"

மாமியின் கையிலிருந்து கத்திரிக்கோல் விழுந்தது. "எனக்கா? நான் என்னகா செஞ்ச உனக்கு?" என்றவர், போத்தலில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டார்.

அப்போது ரியாஸ் உள்ளே வந்தார். நனைந்த உம்மா, நூலுக்குள் தங்கை, அழுதுகொண்டு பெண்சாதி, கட்டில் நிறைய ஊசி. என்ன என்று கேட்க வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. நான் போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைக்காரியைக் கூர்ந்து பார்த்தார்.

"இவ ஆரு? இவவும் மாமிக்கா கட்டுறா?"

"உம்மா, இது போத்துற சால்வை," என்றார் ரியாஸ். அவருக்கு எதுவோ பொறி தட்டியிருக்க வேண்டும். தலையணையை எடுத்து உதறினார். மிச்ச நூலும் பஞ்சும் கொட்டின. "என்ட தலகணிக்குள்ளயா வெச்சிரிந்தாய்?" என்று கேட்டுவிட்டுத் தும்மத் தொடங்கியவர், வெகுநேரம் நிறுத்தவே இல்லை. வாசலில் நின்ற என் உம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு ரியாஸ். ஜெஸீமா நூலைக் கையில் சுற்றியபடியே சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தாள்.

மாமி சிரிக்கவில்லை. எஞ்சியிருந்த பாதியை ஊசிகளிலிருந்து மெல்லக் கழற்றி எடுத்தார். தலையில் போட்டுக்கொண்டு அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். இலைகளுக்குள்ளால், கொடிகளுக்குள்ளால், அவருடைய நரைத்த முடி முழுவதும் தெரிந்தது. காதும் தெரிந்தது.

"மகள்," என்றார் மெதுவாக, "இதால மயிரெல்லாம் தெரியிதே. இதப் போட்டு எப்பிடித் தொழுற?"

ஐந்து நேரம் தொழுகிறவள் நான். தலைமறைப்பில் ஒரு முடி வெளியே தெரிந்தால் இழுத்து மூடுகிறவள். துளை துளையாக ஒன்றைப் பின்னி, புனித மண்ணுக்குப் போகிற ஒரு மனுஷிக்குப் போர்த்தி அனுப்பப் பார்த்திருக்கிறேன்! யாரிடமாவது ஒரே ஒரு தடவை காட்டியிருந்தால், மதரஸாவுக்குப் போகிற சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஜெஸீமா முதல் நாளே சொல்லியிருப்பாள். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்து நான் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

மாமியும் பக்கத்தில் உட்கார்ந்தார். வழமைக்குக் கேட்க வந்த மன்னிப்பை உண்மையாகவே கேட்க வேண்டியதாயிற்று. "பொறுத்துக்கங்க மகள். உங்களைப் போய்…" என்று இழுத்தார். மல்லித் தண்ணீர் விஷயமாக நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்கப்படுத்தியபோது, "அட, நான் மருந்து வெச்சன் எண்டா நினைச்சாய்?" என்று கேட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் வீட்டில் சோறு தின்றார்.

பயணம் போகிற அன்று வேனுக்குள் பெட்டி ஏற்றும்போதுதான் கண்டேன். மாமியின் பெட்டிப் பிடியில், அடையாளத்துக்கு மற்றவர்கள் சிவப்புத் துணி கட்டுகிற இடத்தில், என் ரேந்தை. பாதி பால், பாதி பல். மாமி அந்த முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வேனில் ஏறினார்.

திரும்பி வந்தபோது ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வாங்க ஊரே கூடியிருந்தது. ஜெஸீமா தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மாமி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "ஜித்தாவில எல்லார்ட பொட்டியும் மாறிப் போச்சி. என்ட பொட்டிய மட்டும் ஒருத்தரும் தொடல்ல. எறிஞ்ச எறிக்கும் ஒரு நூல் அறல்ல. என்ட மருமகள் பின்னினது!"

கேட்டுவிட்டேன். நான் ஆசைப்பட்ட அதே வார்த்தை, ஆசைப்பட்டபடி ஜெஸீமாவின் முன்னால். அது புகழ்ச்சியா, பகிடியா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாடு போனாலும், "அந்த முடிச்ச ஒருக்காத் தாங்க" என்று மாமியிடம் வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். என் சால்வை மக்காவுக்கும் மதீனாவுக்கும் எத்தனையோ தரம் போய் வந்துவிட்டது. நான் இன்னும் போகவில்லை.

இப்போதும் எல்லோரும் கூடியிருக்கும்போது நான் சூடான தேத்தண்ணியை ஊதினால், மாமி தன் கோப்பையைக் கையால் பொத்திக்கொண்டு, "ஊதாதகா!" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், யார் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான்.